ஓட்டைப்பல்லும் ஜப்பான் கண்ணும்

எங்கள் கம்பெனியில் கடைசிக் காலத்தில் சேர்ந்த ஒரு பெண் இப்போது வேறொரு தொழிற்சாலையில் புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்தவள் செல்போனில் ஒரு படத்தை ஓடவிட்டுக் காட்டினாள். புது மெஷின். ஒரு பாகத்தை எடுத்து அதன் கண்ணெதிரே ஒரு தடவை காட்டினால் போதும். நீளம், அகலம், எத்தனை கால், காலுக்கும் காலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று எல்லாவற்றையும் அதுவே அளந்து வைத்துக்கொள்கிறது. "அக்கா, நீங்கள்லாம் இத கையால அளந்து டைப் அடிச்சீங்களாமே. அத எழுதிக் குடுங்க, எங்க பசங்களுக்குப் படிச்சுக் காட்டணும்" என்றாள்.

பழசுதான் உசத்தி என்று நான் எழுதப் போவதில்லை. அந்தப் படத்தை இரண்டு தடவை போடச் சொல்லி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கண் வலியும் கழுத்து வலியும் இல்லாமல் ஒரு வேலை நடந்தால் அதைக் கும்பிட வேண்டும், குறை சொல்லக் கூடாது. நான் எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்காக. பத்மஜா மேடத்தைப் பற்றி நாலு பேருக்குச் சொல்ல எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அது தானாக வீடு தேடி வந்துவிட்டது.

நான் பிறந்தது பொதட்டூர்பேட்டை. வீட்டுக்குள் தறி, தறி விட்ட இடத்தில் நாங்கள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு திருத்தணியில் கட்டிக்கொடுத்தார்கள். வீட்டுக்காரருக்கு மலையடிவாரத்தில் பூஜை சாமான் கடை. கிருத்திகைக்குக் கிருத்திகை வியாபாரம், மற்ற நாளில் ஈ ஓட்டல். அந்தச் சமயத்தில்தான் கனகம்மாசத்திரம் போகிற வழியில் ரோட்டோரமாக எங்கள் கம்பெனி வந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குள் வைக்கிற போர்டுகளைச் செய்வார்கள். வேலைக்குப் பெண்களைத்தான் எடுத்தார்கள். ஒரு தட்டில் பொடிப் பொடியாகப் பாகங்களைக் கொட்டி, இடுக்கியால் பொறுக்கி வரிசையாக வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். எங்கள் நைனாவிடம் போய்ச் சொன்னபோது, "அறுந்த நூல முடி போட்ட கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்று சிரித்தார்.

அதற்கப்புறம் பல வருஷம் அதே வேலை. போர்டிலுள்ள துளையில் பாகத்தின் காலை நுழை, வளை, அடுத்ததை எடு. அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மாசம் பொறந்தால் சம்பளம் வந்தது, அதில் பிள்ளைகள் படித்தார்கள்.

எண்பதுகள் பாதி தாண்டியதும் பாகங்களே சிறுத்துப் போயின. துளைக்குள் நுழைகிற நீளக் கால் போய், போர்டின் மேலேயே ஒட்டி உட்காருகிற குட்டைக் கால் வந்தது. கையால் வைத்தால் ஒரு தும்மலுக்குக் கோணிக்கொள்ளும். அதற்காக ஜப்பானிலிருந்து ஒரு மெஷினை வரவழைத்தார்கள். தட்டில் இருக்கும் பாகத்தை ஒரு சின்னக் குழாய் காற்றால் உறிஞ்சித் தூக்கும். போகிற வழியில் ஒரு கேமரா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். குழாய் பாகத்தை அந்தக் கேமராவுக்கு ஒரு கணம் காட்டும். கேமரா பார்த்து, சரி என்றால் கோணலைத் திருத்திப் போர்டில் கொண்டுபோய் வைக்கும். சரியில்லை என்றால் பக்கத்திலிருக்கும் ரிஜெக்ட் டப்பாவில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கப் போய்விடும்.

சரியா இல்லையா என்று அதற்கு எப்படித் தெரியும்? நாம் சொல்லி வைத்திருக்க வேண்டும். எந்தப் பாகம் எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் அளவுகளை முன்கூட்டியே டைப் அடித்து ஏற்ற வேண்டும். பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டில் வலது முழங்கையில் மச்சம் என்று எழுதுவார்களே, அதைப்போல. நாங்கள் அந்த வேலைக்கு 'அங்க அடையாளம்' என்றே பெயர் வைத்துவிட்டோம்.

மெஷினோடு கூடவே வந்தவர்தான் பத்மஜா மேடம். எங்களில் பாதிப் பேரைவிட வயதில் சின்னவர். மெட்ராஸில் இன்ஜினீயருக்குப் படித்து, தினமும் ரயிலேறி வருவார். ஒல்லியான உருவம், தடித்த கண்ணாடி, ஆளுக்குப் பொருந்தாத பெரிய டிபன் கேரியர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஏதாவது தப்பு நடந்தால் தப்பு என்று சொல்லவும் மாட்டார். "யார் பார்த்தது?" என்று கேட்பார், அவ்வளவுதான். "இந்தப் பீஸ்ல கால் வளைஞ்சிருக்கு மேடம்" என்றால், "யார் பார்த்தது?" "கிரிஜா சொன்னா மேடம்." "சரி, கிரிஜா பார்த்தாங்க. நீங்க பார்த்தீங்களா?" போய் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு இது பெரிய இம்சையாக இருந்தது. யார் வார்த்தையையும் நம்பாத மனுஷி என்று கிரிஜாவிடம் கரித்துக் கொட்டியிருக்கிறேன்.

கிரிஜா எனக்குப் பக்கத்து மேஜை. நகரிப் பக்கத்திலிருந்து கே.ஜி.கண்டிகைக்கு வாழ வந்தவள். வீட்டில் தெலுங்கு, வெளியில் எங்கள் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவள் பாவா என்று கூப்பிடுகிற வீட்டுக்காரருக்கு இடுப்பில் அடிபட்டுத் தறியில் உட்கார முடியாமல் போய்விட்டது. அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

மெஷின் வந்த புதிதில், இனி நம் கை எதற்கு என்று பேசிக்கொண்டோம். மேடம் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "இந்த மெஷினுக்குக் கண்ணு இருக்கு, ஆனா ஒண்ணுமே தெரியாது. யாராவது சொல்லணும். இத்தனை வருஷமா இந்தப் பாகங்களைத் தொட்டவங்க நீங்க. நீங்களே சொல்லுங்க. நான் எப்படிச் சொல்றதுன்னு காட்டறேன்."

காட்டிய விதத்தைத்தான் நான் வர்ணிக்க ஆசைப்படுகிறேன். இரண்டு முக்காலிகளை முதுகோடு முதுகாகப் போடுவார். ஒருத்தி கையில் பாகம். இன்னொருத்தி கையில் பென்சிலும் கட்டம் போட்ட தாளும். பாகத்தை வைத்திருப்பவள் அதை வாயால் சொல்ல வேண்டும். முதுகுப்பக்கம் இருப்பவள் பார்க்காமல் வரைய வேண்டும். கடைசியில் தாளையும் பாகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டும் ஒத்துப்போனால்தான் அந்த அங்க அடையாளம் மெஷினுக்குள் ஏறும்.

அதில் ஒரே ஒரு விதி. 'மாதிரி' என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. சொன்னால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதல் நாள் கிரிஜா ஒரு கண்டென்சரைக் கையில் வைத்துக்கொண்டு, "அரிசி மாதிரி இருக்குது மேடம்" என்றாள்.

"எந்த அரிசி? பொன்னியா, பச்சரிசியா?"

"ரேசன் அரிசி மேடம். கொஞ்சம் தடியா, சின்ன செங்கல்லு மாதிரி..."

"ரெண்டு மாதிரி ஆச்சு. மறுபடி சொல்லுங்க."

எல்லோரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மதியத்துக்குள் அதே கிரிஜா, "நீளம் மூணு புள்ளி ரெண்டு, அகலம் ஒண்ணு புள்ளி ஆறு, ரெண்டு ஓரத்துலயும் அரை மில்லிமீட்டருக்கு வெள்ளிப் பூச்சு, நடுவுல மண்ணு கலரு" என்று மளமளவென்று சொன்னாள். நான் வரைந்தேன். தாளில் இருந்ததும் அவள் கையில் இருந்ததும் ஒன்றாகவே இருந்தன. இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கடையில் ஒரு நாள் வீட்டுக்காரர், "எலுமிச்சங்கா மாதிரி நல்லா பெருசா கற்பூரக் கட்டி வந்திருக்கு" என்றார். எந்த அளவு எலுமிச்சங்காய் என்று கேட்டுவிட்டேன். அன்று பூராவும் என்னோடு பேசவில்லை.

அளவு எடுத்தபின் இன்னொரு வேலை. ஒரே பாகத்தில் கை நிறைய எடுத்து ஒவ்வொன்றாக வெர்னியர் என்கிற நுணுக்க அளவுகோலில் அளப்போம். ஒன்று ஒரு மயிரிழை நீண்டிருக்கும், ஒன்று குறைந்திருக்கும். எதுவரை போகலாம் என்று மெஷினுக்குச் சொல்ல வேண்டும். டாலரன்ஸ் என்று புத்தகத்தில் இருந்ததை மேடம் 'மன்னிப்பு' என்பார். "மன்னிப்பு ஜாஸ்தி குடுத்தா கெட்டதும் உள்ள வந்துடும். கம்மியா குடுத்தா நல்லது வெளிய போயிடும். எவ்வளவு மன்னிக்கலாம்னு அளந்து பார்த்துத்தான் முடிவு பண்ணணும், மனசுக்குத் தோணினபடி இல்ல." டப்பாவில் விழுந்த ஒவ்வொரு பீஸையும் எடுத்து, மெஷின் வெளியே தள்ளியது நியாயமா என்று லென்ஸில் பார்ப்பார். நியாயமில்லை என்றால் அதனிடம் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு திரும்பத் தட்டில் வைப்பார். அத்தனை அக்கறையாக ஒரு பொருளைப் பார்த்த ஆளை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கிராமத்து எக்ஸ்சேஞ்சுகளுக்காகப் பெரிய ஆர்டர் ஒன்று வருவதாகப் பேச்சு வந்தது. மேனேஜர் எங்களையெல்லாம் கூட்டி வைத்தார். ஆர்டர் கொடுக்கிற இலாகாவிலிருந்து அதிகாரிகள் வருவார்கள், புது போர்டை மெஷின் அவர்கள் கண்முன் செய்து காட்ட வேண்டும். பாகங்களைக் கண்டபடி டப்பாவில் தள்ளினால் மெஷினும் ஆர்டரும் பெங்களூரில் இருந்த எங்கள் இன்னொரு கிளைக்குப் போய்விடும். "யாரையும் நிறுத்தறதா இல்ல. அங்க வர்றவங்க தாராளமா வரலாம்" என்றார். யார் போவது? கடையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் வருவாரா? இடுப்பொடிந்த மனுஷனையும் மாமியாரையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு கிரிஜா போவாளா? எங்களுக்கு அது சீட்டைக் கிழிப்பதுதான், வேறு வார்த்தையில்.

மேடத்துக்கு மட்டும் அப்படி இல்லை. பெங்களூரில் அவருக்கு இடம் தயார், குவார்ட்டர்ஸ் தயார், பதவியும் ஒரு படி மேலே. மெஷின் போனால் கூடவே போகலாம், போகாவிட்டாலும் போகலாம். கம்பெனியில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

புது போர்டில் எல்லாப் பாகமும் பழகியவை, ஒன்றைத் தவிர. அது ஒரு குட்டிக் கறுப்புப் பெட்டி. டெலிபோன் கம்பியில் வருகிற குரல் அதன் வழியாகத்தான் போர்டுக்குள் நுழையும். ஒரு பக்கம் ஐந்து கால்கள் வரிசையாக இருக்கும். எதிர்ப்பக்கம் நாலுதான், இரண்டாவது கால் இருக்க வேண்டிய இடம் காலி. திருப்பி வைத்துவிடாமல் இருக்க வேண்டுமென்றே அப்படிச் செய்திருந்தார்கள். நாங்கள் அதற்கு ஓட்டைப்பல் என்று பெயர் வைத்தோம்.

முக்காலி போட்டோம். நான் சொல்ல, கிரிஜா வரைந்தாள். அவள் சொல்ல, நான் வரைந்தேன். அச்சு அசலாக ஒத்துப்போனது. மெஷினில் ஏற்றினோம். முதல் ஓட்டைப்பல்லை எடுத்தது, கண்ணுக்குக் காட்டியது, டப்பாவில் போட்டது. இரண்டாவதும் டப்பா. ஒரு தட்டு முழுக்க டப்பா.

மறுபடி அளந்தோம். புது வெர்னியர் கொண்டுவந்து அளந்தோம். மன்னிப்பைக் கொஞ்சம் கூட்டினோம். விளக்கு மங்கலோ என்று கேமராவின் கண்ணாடியைத் துடைத்தோம். அது ஒன்றையாவது ஏற்கவேண்டுமே! அந்தக் காலத்து மெஷினில் கேமரா பார்ப்பதை நாம் பார்க்கத் திரையெல்லாம் கிடையாது. சரியில்லை என்று ஒரு எண்ணைக் காட்டும், ஏன் என்று சொல்லாது. அதிகாரிகள் ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் வருவதாகச் சேதி வந்திருந்தது. வேலையை முடித்துவிட்டு மலையேறி தரிசனமும் பண்ணிவிடலாம் என்ற கணக்கு. ஊரில் காவடிக் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது, எங்களுக்கு ஒரு ஓட்டைப்பல் கூட உட்காரவில்லை.

மேனேஜர் வந்து நின்றார். கெட்ட மனுஷர் இல்லை, பதறிய மனுஷர். "பத்மஜா, கால எண்ணவேண்டாம்னு சொல்லிடுங்க. வெறும் பெட்டின்னு எழுதிடுங்க. நீள அகலம் சரியா இருந்தா எடுத்து வெச்சிட்டுப் போகட்டும். யாருக்குத் தெரியப்போகுது?"

உண்மையில் அது நடக்கக்கூடிய காரியம். ஒரு நிமிஷ வேலை. எனக்கும் உள்ளுக்குள் சரி என்றுதான் பட்டது.

"சார், தட்டுல அடுக்கறது நம்ம கை. ஒண்ணு திரும்பி உட்கார்ந்துட்டா மெஷின் அப்படியே எடுத்து வெச்சுடும்" என்றார் மேடம். "ஏதோ ஒரு கிராமத்துல போன் ஊமையா இருக்கும். அங்க போய் யாரு பார்ப்பாங்க?"

மேனேஜர் கையை விரித்துவிட்டுப் போனார். கிரிஜாவுக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்கு இன்னா மேடம், பெங்களூர்ல வீடு வாசலெல்லாம் ரெடியா வெச்சிகினு பேசுறீங்க. எங்க பாவா இடுப்பு செத்துப் படுத்துகினு கீறாரு. நாங்க எங்க போவுறது? அளந்தாச்சு, துடைச்சாச்சு, எல்லாம் பண்ணியாச்சு. அந்தப் பாழாப்போன கண்ணுக்கு இன்னாதான் தெரியுதோ, எவன் கண்டான்!"

 மேடம் பதில் சொல்வார், அல்லது எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கிரிஜாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆமா. யாரும் பார்க்கல. நானும் பார்க்கல" என்றார்.

சொல்லிவிட்டு அவர் செய்ததை எங்களில் ஒருத்தியும் எதிர்பார்க்கவில்லை. மெஷின் பக்கத்திலே பாகங்கள் வந்த அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் விரித்தார். செருப்பைக் கழற்றினார். புடவையைக் கணுக்காலில் இழுத்துச் சொருகிக்கொண்டு, அதன்மேல் மல்லாக்கப் படுத்துவிட்டார். "சகுந்தலா, ஓட்டைப்பல்ல எடுத்துட்டு வாங்க. குழாய் எப்படிப் பிடிக்குமோ அப்படியே என் முகத்துக்கு மேல பிடிங்க. ஆட்டக் கூடாது. கிரிஜா, டார்ச் அடிங்க. கட்டத்தாள் ஒண்ணு குடுங்க."

நான் இடுக்கியில் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். கிரிஜா மூக்கை உறிஞ்சியபடியே டார்ச் அடித்தாள். மேடம் படுத்த வாக்கிலேயே தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரைந்தார். அந்த நேரம் பார்த்து மேனேஜர் மறுபடி உள்ளே வந்தார்.

"ஐயோ, பத்மஜாவுக்கு என்ன ஆச்சு? மயக்கமா? சோடா கொண்டாங்கம்மா!"

"ஒண்ணும் இல்ல சார். கேமராவா இருக்கேன். வெளிச்சத்த மறைக்காதீங்க."

வரைந்து முடித்து எழுந்து, தன் தாளையும் நாங்கள் வரைந்த தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஐந்து கால் இரண்டிலும் மேலே. நாலு கால் இரண்டிலும் கீழே. எங்கள் தாளில் ஓட்டை இடது கைப் பக்கம். அவர் தாளில் வலது கைப் பக்கம்.

எதிரே நிற்கிற ஆளின் இடது கை நமக்கு வலப்பக்கம் தெரியும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கேமரா கீழேதான் இருக்கிறது என்பது எங்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் எங்களுக்குத் தோன்றவே இல்லை. காரணம் எங்கள் கைகள். பல வருஷமாகப் போர்டின் மேலிருந்தே பாகத்தைப் பார்த்துப் பார்த்து, பாகம் என்றாலே மேற்புறம்தான் எங்களுக்கு. சொன்னவளும் மேலிருந்து சொன்னாள், வரைந்தவளும் மேலிருந்து வரைந்தாள், அதனால் தாள்கள் ஒத்துப்போயின. அதுவரை வந்த பாகங்களெல்லாம் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்ததால் மேலே பார்த்தாலும் கீழே பார்த்தாலும் ஒன்றுதான். முதல்முதலாகக் கோணல் உள்ள ஒன்று வந்ததும் குட்டு வெளிப்பட்டது. பாவம் அந்த மெஷின், நாங்கள் சொன்ன அங்க அடையாளத்தில் இருக்கிற ஆள் உலகத்திலேயே கிடையாது. எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அதற்குக் கிடைக்காது.

எனக்கு முகம் தொங்கிப்போனது. மேடம் எங்களைப் பார்த்து ஒரு குறையும் சொல்லவில்லை. மேனேஜர் இருக்கும்போதே, "முக்காலி விளையாட்டுலதான் ஓட்டை சார். அத வெச்சது நான். ரெண்டு பேரும் மேல இருந்தே பார்க்கற விளையாட்ட வெச்சா, மெஷின் பக்கம் பேச ஆளே இல்ல" என்றார். கிரிஜாவின் தோளில் கை வைத்து, "நீங்க கேட்கலைன்னா இன்னும் வெர்னியர மாத்திக்கிட்டே இருந்திருப்பேன்" என்றார். கிரிஜா அப்போதுதான் உண்மையாக அழுதாள்.

அளவை மாற்றி ஏற்றினோம். மெஷின் முதல் ஓட்டைப்பல்லை எடுத்தது, காட்டியது, போர்டில் வைத்தது. நாங்கள் போட்ட கூச்சலில் கேண்டீனிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார்கள். அதோடு மேடம் விடவில்லை. அன்றிலிருந்து மூன்றாவதாக ஒருத்தி அட்டையில் படுத்து வரைய வேண்டும் என்று வழக்கம் வந்தது. பழைய பாகங்கள் அத்தனையையும் கீழிருந்து பார்த்து மறுபடி சரிபார்த்தோம். யார் படுப்பது என்று எங்களுக்குள் சண்டையே வரும். நிற்கிற வேலையில் படுக்கக் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்?

அதிகாரிகள் வந்தார்கள். இரண்டு பேர். மூத்தவருக்கு நெற்றி நிறைய விபூதி, கண் மட்டும் ஊசி. மெஷின் ஓடியது. பாகங்கள் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தன. ஓட்டைப்பற்களும் உட்கார்ந்தன. டப்பா காலி. மேனேஜர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். நாங்கள் சுவரோரமாக நின்று, மூச்சை விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம்.

மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்: "எல்லாத்தையும் எடுத்து வெக்குது. நல்லது. ஆனா பார்த்து வெக்குதா, கண்ண மூடிகினு வெக்குதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மேனேஜரின் கைக்குட்டை மறுபடி வெளியே வந்தது. வெறும் பெட்டி என்று எழுதியிருந்தால் அந்த இடத்தில் எங்கள் கதை முடிந்திருக்கும். அது அவருக்கும் தெரிந்தது என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது.

மேடம் புதுத் தட்டு ஒன்றை எடுத்து அவர் முன்னால் நீட்டினார். "நீங்களே இதுல ஏதாவது ஒண்ணத் திருப்பி வெய்ங்க சார். எதுன்னு எங்ககிட்ட சொல்லாதீங்க. நாங்க அந்தப் பக்கம் திரும்பிக்கறோம்."

நாங்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பினோம். அத்தனை பெண்கள், மேனேஜரும் சேர்த்து, சுவரில் சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் காட்சியை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது தணிகை முருகனைத் தவிர ஒன்றும் நினைவில் இல்லை. திருப்பி வைத்த ஒன்றை மெஷின் ஏற்றுக்கொண்டாலும் போச்சு, நல்லது ஒன்றைக் கூடவே டப்பாவில் தள்ளினாலும் போச்சு.

அவர் 'ஆச்சு' என்றதும் திரும்பினோம். மேடம் தட்டை மாட்டி மெஷினை ஓடவிட்டார். வைத்தது. வைத்தது. மறுபடி வைத்தது. கிரிஜா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், அவள் நகம் பதிந்த வலி இப்போதும் நினைவிருக்கிறது. பிறகு குழாய் ஒன்றை எடுத்துக் கண்ணுக்குக் காட்டியது. கொஞ்சம் நின்றது. பக்கவாட்டில் போய் டப்பாவில் 'டக்' என்று போட்டது. அடுத்ததை எடுக்கப் போய்விட்டது. மீதி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் போர்டில் வைத்தது.

மூத்தவர் டப்பாவுக்குள் கையை விட்டு அந்த ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "ஆங், இதேதான். ஓரத்துல நகத்தால ஒரு கீறல் போட்டு வெச்சேன்" என்றார். சிரித்தார். "ஆர்டர் இங்கயே இருக்கட்டும்பா" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, மலைக்குப் போகக் கார் எப்போது வரும் என்று கேட்டார்.

அவர்கள் போனபிறகு நாங்கள் ஆடாத ஆட்டம் இல்லை. மேனேஜரே கடைக்கு ஆளனுப்பி லட்டு வாங்கி வந்தார். மேடம் ஒரு லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த நாள் ஏற்ற வேண்டிய பாகங்களை மேஜையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. மெஷின் இங்கே இருக்கப் போகிறது. நாங்களும் இருப்போம். ஆனால் பெங்களூரில் மேடத்துக்கு வைத்திருந்த இடம் மெஷினை நம்பியது இல்லை. அவர் எப்போது வேண்டுமானாலும் போகலாம். சந்தோஷத்தில் பாதி அங்கேயே வடிந்துவிட்டது.

கிரிஜாவுக்கும் அதே நினைப்பு ஓடியிருக்க வேண்டும். பக்கத்தில் போய் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "மேடம், பெங்களூருக்கு எப்ப கெளம்புறீங்க?"

"அங்க போகலன்னு மேனேஜர்கிட்ட போன வாரமே சொல்லிட்டேனே. அவர் சொல்லலையா?" என்றார் மேடம், கையிலிருந்த பாகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "தினமும் ரயில்ல வந்து போறது முடியல கிரிஜா. எனக்குத் திருத்தணியிலேயே ஒரு வீடு பாருங்க. தண்ணி கஷ்டம் இருக்கக் கூடாது."

போன வாரம் என்றால் ஓட்டைப்பல் ஒன்று கூட உட்காராத வாரம். எங்களுக்கே வேலை நிலைக்குமா என்று தெரியாத வாரம். கிரிஜா அவரை ஏசியதும் அந்த வாரம்தான். ஏசியபோது, போகவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"தண்ணி கஷ்டம் இல்லாத தெருவு திருத்தணியில ஏது மேடம்?" என்று கேட்டுவிட்டு கிரிஜா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆளாளுக்குத் தெருப் பெயர் சொல்லிக் கத்த ஆரம்பித்தோம். கடைசியில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு மாடி கிடைத்தது. கிணறு இருந்தது. ஆடி முடியட்டும் என்று காத்திருந்து ஆவணியில் பால் காய்ச்சினார். பால் பொங்கும்போது வீட்டுக்கார அம்மாள், "இன்ஜினீரம்மா, எவ்ளோ நாளைக்கு இருப்பீங்க? வாடகைக்கு விட்டதும் காலி பண்ணிட்டா எங்களுக்குக் கஷ்டம்" என்றாள்.

மேடம் அடுப்பைச் சுற்றி நின்றிருந்த எங்களை ஒரு தடவை பார்த்தார். "இவங்க இருக்கற வரைக்கும்மா" என்றார்.